‘கிளாஸ்’ தந்த கிறிஸ்டன் நிகார்ட்



லேப்ல உட்கார்ந்து சி ப்ளஸ் ப்ளஸ்ஸிலோ ஜாவாவிலோ புரோகிராம் எழுதும்போது, எடுத்ததும் ‘கிளாஸ்’ என்று அடிக்கிறோம். இந்த முறையை உலகுக்குத் தந்தவர்கள் யார் என்று வைவாவில் கேட்டால் நம்மில் பலர் தலையைச் சொறிவோம். தந்தவர்கள் இருவர். அவர்களில் ஒருவர்தான் கிறிஸ்டன் நிகார்ட்.

1926 ஆகஸ்ட் 27-ல் நார்வே நாட்டின் ஆஸ்லோவில் பிறந்தார். 1948-ல் ராணுவ சேவைக்காகப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். அந்நாட்டின் முதல் அணு உலைக்கான கணக்குகள் அவர் கைக்கு வந்தன. நேர்வழியில் போட்டால் முடிகிற கணக்கா அது? நிகழ்ச்சியைப் போலவே பாவனை செய்து, திரும்பத் திரும்ப நடத்திப் பார்த்து விடை காணும் வழியைக் கையாண்டார். அந்தப் பாவனைதான் அவர் வாழ்க்கையின் திசையையே மாற்றியது.

1956-ல் கணிதத்தில் முதுகலைப் பட்டம். 1960-ல் நார்வே கணிப்பொறி மையத்துக்கு மாறினார். தொழிற்சாலை, துறைமுகம், க்யூ வரிசை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புரோகிராமை முதலிலிருந்து எழுதுவது அவருக்குச் சரியாகப் படவில்லை. உலகத்தில் பொருட்கள் எப்படி இருக்கின்றனவோ அப்படியே சொல்ல ஒரு மொழி வேண்டும் என்று நினைத்தார். கைகோத்தவர் ஓலே யோஹான் டால். முதலில் சிமுலா, பிறகு 1967-ல் சிமுலா 67 பிறந்தது.

அப்படி என்ன புதுமை? நம்ம மரக்காணம் உப்பளத்தையே எடுத்துக்குங்க. உவர்நீர் பாத்தி பாத்தியாக நகர்ந்து, வெயிலில் சுண்டி, கடைசிப் பாத்தியில் உப்பாக விளைகிறது. பழைய முறையில் எழுதினால் நீர்மட்டத்துக்கு ஒரு பட்டியல், செறிவுக்கு இன்னொரு பட்டியல். நடுவில் புதுசா ஒரு பாத்தியை ஒரு பட்டியலில் சேர்த்துவிட்டு மற்றதில் மறந்தால் போச்சு! ஏழாம் பாத்தித் தண்ணிக்கு எட்டாம் பாத்திச் செறிவு வந்து உட்கார்ந்துக்கும். தப்பைத் தேடி விடிய விடிய முழிக்க வேண்டியதுதான்.

சிமுலா வழியில் ‘பாத்தி’ என்று ஒரே கிளாஸ். நீர்மட்டம், செறிவு இரண்டும் அதற்குள்ளேயே இருக்கும். நீர் விடுவதும் சுண்டுவதும் அதன் செயல்கள். கடைசிப் பாத்தியில் மட்டும் உப்பு வார வேண்டுமா? ‘பாத்தி’யிலிருந்து ‘உப்புப் பாத்தி’ என்று துணை கிளாஸ் எடுத்து, வாரும் செயலை மட்டும் சேர்த்தால் போதும்.

நண்பர்கள் இருவரும் கரும்பலகை முன் நின்று போடும் சத்தம் ரொம்பப் பிரபலம். 1967-ல் புதிதாகச் சேர்ந்த ஊழியர் ஒருவர், மாடியில் இரண்டு பேர் அடித்துக்கொள்கிறார்கள் என்று பதறி ஓடிவந்தாராம். டெலிபோன் ஆபரேட்டர் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, பயப்படாதே, டாலும் நிகார்டும் சிமுலா பற்றிப் பேசுகிறார்கள் என்று சமாதானப்படுத்தினாராம்!

அந்த சிமுலாவைக் கற்ற ஸ்ட்ரவ்ஸ்ட்ரப், 1979-ல் தொடங்கிய முயற்சியே சி ப்ளஸ் ப்ளஸ் ஆனது.

ஆனால் நிகார்ட் அதோடு நிற்கவில்லை. தன் மொழி தொழிற்சாலைகளில் ஆட்களின் வேலையை ஒழுங்குபடுத்தவும் பயன்படுகிறதே, அந்த ஆட்களை யார் கேட்டார்கள் என்று யோசித்தார். 1970-களின் தொடக்கத்தில் நார்வே இரும்பு உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து உழைத்தார். கம்ப்யூட்டர் பற்றி நிபுணர்கள் எழுதும் அறிக்கையைவிட, தொழிலாளர்களே கற்று எடுக்கும் நடவடிக்கைதான் பலன் என்று முடிவு செய்தார்கள். 1975-ல் தொழிலாளர், முதலாளிகளின் மத்திய அமைப்புகளுக்கு இடையே கம்ப்யூட்டர் பயன்பாடு பற்றி ஒப்பந்தமே ஏற்பட்டது.

2001-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது. 2002 ஜூன் 29-ல் டால் மறைந்தார். ஆறே வாரத்தில், ஆகஸ்ட் 10-ல் நிகார்டும் மறைந்தார்.

நண்பர்களே! நாளைக்கு நம்மில் ஒருவர் உப்பளத்துக்குப் புரோகிராம் எழுதலாம். மூட்டையை மட்டும் எண்ணினால் கணக்கு சரியாகத்தான் வரும். ஆனால் வெயிலில் கண் கூச நின்று உப்பு வாருபவருக்கும், மழை மாதங்களில் அவர் வேலையின்றி இருப்பதற்கும் அதில் இடம் இருக்காது. கீபோர்டைத் தொடுமுன் பாத்தி வரப்பில் போய் நின்று, அவரை ஒரு வார்த்தை கேட்போம். நிகார்டுக்கு நாம் செய்யும் மரியாதை அதுதான்!