விஞ்ஞானியின் உயிரைக் காத்த திரவம்!

1938-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். ருஷியாவில் ஸ்டாலினின் கெடுபிடி ஆட்சி நடந்துகொண்டிருந்தது. மாஸ்கோ நகரில் 30 வயது விஞ்ஞானி ஒருவரைப் போலீசார் கைது செய்து சிறையில் அடைத்தனர். சிறைக்குப் போனவர்களில் பலர் திரும்பி வராத காலம் அது. அவரோ ஒரு வருடத்தில் உயிரோடு திரும்பி வந்தார்!

அவர் பெயர் லெவ் லாண்டாவ். அவரைக் காப்பாற்றியது ஒரு திரவம்!

14 வயதில் பல்கலைக்கழகம்

லாண்டாவ் 1908-ம் ஆண்டு பாகு நகரில் பிறந்தார். தகப்பனார் எண்ணெய்த் தொழிலில் என்ஜினீயர். தாயார் டாக்டர். லாண்டாவ் 13 வயதிலேயே பள்ளிப் படிப்பை முடித்துவிட்டார். 14 வயதில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 19 வயதில் பட்டம் பெற்றார்.

நண்பர் கொடுத்த ஜாமீன்

மாஸ்கோவில் லாண்டாவ் வேலை பார்த்த விஞ்ஞானக் கூடத்தின் தலைவர் கபிட்ஸா. அவர் ஓர் அதிசயத்தைக் கண்டுபிடித்திருந்தார். ஹீலியம் வாயுவை மிகவும் குளிர வைத்தால் திரவமாகும். பூஜ்யத்துக்குக் கீழே 271 டிகிரி வரை குளிர வைத்தால், அந்தத் திரவம் மிக நுண்ணிய இடுக்கிலும் தடையே இல்லாமல் ஓடியது. ஏன் அப்படி ஓடுகிறது என்பது விளங்கவில்லை.

இதற்கு விடை காணக்கூடியவர் லாண்டாவ் ஒருவரே என்று கபிட்ஸா அரசாங்கத்துக்கு எழுதினார். அவருக்குத் தாமே பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டார். 1939 ஏப்ரலில் லாண்டாவ் விடுதலையானார். 1941-ல் அந்த அதிசயத்துக்கு விளக்கம் சொன்னார். நண்பர் வைத்த நம்பிக்கை வீண் போகவில்லை.

துகள்களை எண்ணுவது எப்படி?

அணுவின் நடுவே புரோட்டான் என்ற துகள்கள் இருக்கின்றன. ஒரு புரோட்டான் பயங்கர வேகத்தில் இன்னொன்றின் மீது மோதினால் என்ன ஆகும்? மோதிய சக்தியிலிருந்து புதிய துகள்கள் பல பிறந்து நாலாபுறமும் சிதறுகின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியே கணக்கிடுவது முடியாத காரியம்.

1950-ல் இத்தாலிய மேதை பெர்மி ஒரு வழி சொன்னார். மோதிய சக்தி முழுவதும் மிகச் சிறிய இடத்தில் அடைபட்டு, உடனே துகள்களாகப் பங்கிடப்படுகிறது என்றார்.

லாண்டாவ் அதில் ஒரு குறை கண்டார். அத்தனை நெருக்கடியில் துகள்கள் உடனே பிரிந்து ஓட முடியாது. ஒன்றையொன்று மறுபடியும் மறுபடியும் மோதிக்கொள்ளும். வெல்லப்பாகு கொதிக்கும்போது அதில் எத்தனை துண்டு என்று எண்ண முடியுமா? ஆறி இறுகிய பிறகுதானே எண்ணலாம்! அதுபோலவே, மோதிய இடத்தில் ஒரு சொட்டு நெருப்புத் திரவம் உண்டாகிறது. அது விரிந்து ஆறிய பிறகே துகள்கள் பிரிகின்றன என்று 1953-ல் கூறினார். திரவம் ஓடும் விதிகளைக் கொண்டே துகள்களைக் கணக்கிட்டார். பாய்ந்து வரும் துகளின் சக்தி 16 மடங்கு கூடினால், பிறக்கும் துகள்கள் ஏறக்குறைய 2 மடங்காகும் என்பது அவர் கணக்கு.

பனிச் சாலையில் விபத்து

1962 ஜனவரி 7-ந்தேதி, பனி உறைந்த சாலையில் லாண்டாவ் சென்ற காரும் ஒரு லாரியும் மோதின. பல வாரங்கள் அவர் நினைவு இழந்து கிடந்தார். டாக்டர்கள் போராடி உயிரை மீட்டனர். அதே ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஹீலியம் ஆராய்ச்சிக்கே அந்தப் பரிசு! ஆனால் முன்போல் ஆராய்ச்சி செய்ய அவரால் முடியவில்லை. 1968 ஏப்ரல் 1-ந்தேதி, 60-வது வயதில் காலமானார்.

பின்னால் வந்த சாட்சி

37 ஆண்டுகள் கழிந்தன. அமெரிக்காவில் புரூக்ஹேவன் ஆராய்ச்சிக் கூடத்தில், தங்க அணுக்களின் கருக்களைப் பெரும் வேகத்தில் மோதவிட்டார்கள். உண்டானது வாயுவைப்போல் இருக்கும் என்று பல விஞ்ஞானிகள் எதிர்பார்த்தார்கள். அதுவோ திரவம்போல் ஓடியது! 2005-ல் இந்தச் செய்தி உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

குளிர்ந்த திரவம் லாண்டாவின் உயிரைக் காத்தது. நெருப்புத் திரவம் அவர் பெயரைக் காத்து நிற்கிறது.