முனைவர் பட்டம் மறுக்கப்பட்ட வானிலை விஞ்ஞானி அன்னா மணி

புது தில்லி: திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் சாலையில் உள்ள சிற்றூர் காதங்கி. மத்திய விண்வெளித் துறையின்கீழ் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வகம் இங்குதான் இயங்குகிறது. 1,024 ஆன்டெனாக்களைக் கொண்ட அதன் ரேடார், பல கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றைத் தரையிலிருந்தே அளக்க வல்லது. இங்கு ஆய்வு மாணவராகச் சேர விழைவோருக்கு முதுநிலைப் பட்டம் அவசியம். ஆனால், நாட்டில் வானிலைக் கருவிகளின் உற்பத்திக்கு அடித்தளமிட்ட அன்னா மணியிடம் அந்தப் பட்டம் இருக்கவில்லை. அதையே காரணம் காட்டி அவருக்கு முனைவர் பட்டமும் மறுக்கப்பட்டது.

திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பீர்மேட்டில் 1918 ஆகஸ்ட் 23-ல் பிறந்தவர் அன்னா மணி. தந்தை பொறியாளர், ஏலக்காய்த் தோட்டங்களும் உண்டு. எட்டாவது பிறந்த நாளுக்கு வீட்டார் வழங்க முன்வந்த வைரத் தோட்டை மறுத்து, கலைக்களஞ்சியத் தொகுதிகளைக் கேட்டுப் பெற்றார். வைக்கம் சத்தியாகிரகத்தையொட்டி காந்தியடிகள் 1925-ல் அங்கு வந்தது அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. பின்னர் கதராடைக்கு மாறினார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் 1939-ல் ஆனர்ஸ் பட்டம் பெற்ற அவர், அடுத்த ஆண்டே உதவித்தொகையுடன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். அங்கு சர் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளிப் பண்புகளை ஆராய்ந்தார். ஒரு படத்தகட்டில் பதிவு விழ 15 முதல் 20 மணி நேரம் காத்திருக்க வேண்டும். பல இரவுகள் ஆய்வுக்கூடத்திலேயே கழிந்தன. 1942 முதல் 1945 வரை ஐந்து ஆய்வுக் கட்டுரைகளைத் தனியொருவராக வெளியிட்டார்.

1945 ஆகஸ்டில் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் அளித்தார். அந்நாளில் பெங்களூர்க் கழக மாணவர்களுக்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் அப்பல்கலைக்கழகத்திடமே இருந்தது. எம்.எஸ்ஸி. படிக்கவில்லை என்று கூறி, பல்கலைக்கழகம் பட்டம் தர மறுத்துவிட்டது. ஐந்து கட்டுரைகளைவிட ஒரு சான்றிதழ் பெரிதாகிப் போனது. பட்டம் பெற்ற ராமனின் பிற மாணவர்களது ஏடுகளுடன் அவரது ஏடும் பெங்களூர் ராமன் ஆய்வு நிறுவன நூலகத்தில் இடம்பெற்றது.

இது குறித்து அன்னா மணி பெரிதாகக் குறைபட்டுக் கொண்டதில்லை. அரசு உதவித்தொகையில் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குச் சென்றார். இயற்பியல் படிக்கவே விரும்பினார். கிடைத்ததோ வானிலைக் கருவிகள் குறித்த பயிற்சி.

சுதந்திர இந்தியாவுக்கு 1948-ல் திரும்பி, புணேயில் வானிலை ஆய்வுத் துறையின் கருவிகள் பிரிவில் சேர்ந்தார். வானிலைக் கருவிகள் பலவும் அதுவரை வெளிநாட்டிலிருந்தே வந்துகொண்டிருந்தன. அரசியல் விடுதலை கிடைத்தும், வானிலையை அளக்க அயல்நாட்டாரை எதிர்பார்க்கும் நிலை. சுமார் 100 கருவிகளுக்கான வரைபடங்களைத் தரப்படுத்தி, அவற்றை உள்நாட்டிலேயே தயாரிக்க அவர் வழிவகுத்தார். 121 ஆண்கள் பணியாற்றிய பிரிவுக்கு ஒரு பெண் தலைமை வகித்தது அக்காலத்தில் அரிது. தவறாக அளக்கும் கருவியைவிடக் கருவி இல்லாமலிருப்பதே மேல் என்பது அவரது உறுதியான கருத்து.

1957-58 சர்வதேச புவி இயற்பியல் ஆண்டையொட்டி, சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாடெங்கும் ஏற்படுத்தினார். வளிமண்டல ஓசோனை அளக்கும் பலூன் கருவியை உருவாக்கினார். 1963-ல் தும்பா ராக்கெட் ஏவுதளத்தில் வானிலை ஆய்வு நிலையத்தையும் அமைத்தார். 1969-ல் தில்லிக்கு மாற்றப்பட்டு, துறையின் துணைத் தலைமை இயக்குநராகி, 1976-ல் ஓய்வு பெற்றார்.

ஓய்வுக்குப் பின் அவர் செய்த பணியே இன்று அதிகம் பயன்படுகிறது எனலாம். இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சு குறித்த இரு பெரும் தரவு நூல்கள் 1980, 1981-ல் வெளிவந்தன. சூரிய மின் திட்டம் எதுவாயினும், ஓரிடத்தில் எவ்வளவு வெயில் விழுகிறது என்ற கணக்கிலிருந்தே தொடங்க வேண்டும். காற்றாலைகளுக்கு ஏற்ற இடங்களைக் கண்டறிய தமிழகம் உள்ளிட்ட மாநிலங்களில் காற்றின் வேகத்தை அளக்கும் பணிக்கும் அவரே தலைமை வகித்தார்.

1994-ல் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டார். இறுதிவரை திருமணம் செய்துகொள்ளாத அன்னா மணி, 83-ஆவது பிறந்த நாளுக்கு ஒரு வாரமே இருந்த நிலையில், 2001 ஆகஸ்ட் 16-ல் திருவனந்தபுரத்தில் காலமானார்.