காந்தியடிகள் சட்டத்தொழில் பழகிய வரலாறு

நம் கல்லூரியிற் கற்று வெளிப்போந்தோருட் சட்டத்தரணிகளாயும் நொத்தாரிசுகளாயும் விளங்குவோர் பலர். நியமனப் பத்திரம் கைக்கு வந்த முதல் வாரத்தில், எதிரே வந்தமர்ந்த கட்சிக்காரருக்கு ஓர் உறுதியை எவ்வாறு எழுதத் தொடங்குவதென்று அறியாது பேனாவும் கையுமாக இருந்த கதையை அவர்கள் வாயிலாகவே கேட்டிருக்கின்றோம். அன்னார்க்கும், நாளை அவ்வழிச் செல்லவிருக்கும் மாணவர்க்கும் பயன்படுமெனக் கருதி, காந்தியடிகளின் சரித்திரத்தில் ஒரு பகுதியை ஈண்டு எடுத்துரைக்கின்றோம். அடிகளைத் தேசபிதாவாகப் போற்றும் நாம், அவர் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சட்டத்தொழில் செய்தவர் என்பதை மறந்துவிடுகின்றோம்.

1869 ஆம் ஆண்டு ஒக்டோபர் 2 ஆம் நாள் போர்பந்தரிற் பிறந்த அடிகள், 1888 இல் இலண்டன் சென்று இன்னர் டெம்பிள் என்னும் சட்டக் கழகத்திற் சேர்ந்தார். 1891 யூன் 10 ஆம் நாள் பாரிஸ்தர் பட்டம். 11 ஆம் நாள் உயர் நீதிமன்றிற் பதிவு. 12 ஆம் நாள் கப்பலேறினார். ரோமன் சட்டமும் ஆங்கிலப் பொதுச் சட்டமும் கற்றிருந்தாரேயன்றி, இந்து சட்டமோ முஸ்லிம் சட்டமோ அறியார். ஒரு வழக்கின் முறைப்பாட்டை வரைவது எப்படியென்பதும் அவர்க்குத் தெரியாது. பட்டம் வேறு, பழக்கம் வேறு என்பது ஊர் வந்த பின்னரே புலனாயிற்று.

பம்பாயில் அவர் முதன்முதல் ஏற்றது சிறுவழக்கு நீதிமன்றில் ஒரு பெண்மணியின் வழக்கு. கட்டணம் முப்பது ரூபா. தரகருக்குப் பங்கு கொடுக்க வேண்டுமென்றபோது முடியாதென மறுத்துவிட்டார். வாதியின் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவுடன் தலை சுழன்றது, நா எழவில்லை. அமர்ந்து, கட்டணத்தை மீள அளித்து, பட்டேல் என்பாரை நியமிக்கும்படி சொல்லி வெளியேறினார். பட்டேலுக்கு ஐம்பத்தொரு ரூபா. இந்நிகழ்ச்சியை நகைச்சுவையாக எடுத்துரைப்போர் உளர். எமக்கோ, அதனை அடுத்து வந்த சிறுசெய்தியே பெரிதாகத் தோன்றுகிறது. போர்பந்தரிற் காணி பறிக்கப்பட்ட ஏழை முஸ்லிம் ஒருவருக்கு அச்சுச் செலவு மாத்திரம் பெற்று ஒரு விண்ணப்பம் வரைந்து கொடுத்தார். நண்பர்க்குப் படித்துக் காட்ட, அவர்கள் நன்றென்றனர். நாவாற் செய்ய இயலாததை எழுதுகோலாற் செய்யலாமென்ற துணிவு அங்கே பிறந்தது. இடையில், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஆங்கிலம் கற்பிக்க எழுபத்தைந்து ரூபாச் சம்பளத்தில் ஆசிரியர் வேண்டுமென்ற விளம்பரத்தைக் கண்டு விண்ணப்பித்தார். பட்டதாரியல்லர் என்று அதுவும் கைநழுவிற்று!

ஆறு மாதத்தின்பின் பம்பாயை விட்டு ராஜ்கோட் சென்று, மனுக்களும் விண்ணப்பங்களும் எழுதி மாதம் ஏறக்குறைய முந்நூறு ரூபா ஈட்டினார். அவ்வேலைகள் பெரிதும் தமையனாரின் செல்வாக்கால் வந்தவை. வேலை அனுப்பும் வக்கீல்மார்க்குப் பங்கு கொடுப்பதே ஊர் வழக்கமெனத் தமையனார் எடுத்துரைக்க, பம்பாயில் மறுத்ததற்கு இங்கே இசைந்தார். இதனை அடிகள் தம் சுயசரிதையில் மறையாது எழுதியுள்ளார். தொழிலுக்குப் புதியவர் எவரையும் முதலில் வந்து பற்றுவது இச்சோதனையே யாதலின், அவ்வெளிப்படையை யாம் மிக மதிக்கின்றோம்.

1893 இல் தாதா அப்துல்லா கம்பனியார், ஓராண்டு வேலைக்கு 105 பவுணும் முதல் வகுப்புப் பயணச் செலவும் தருவதாக அவரைத் தென்னாபிரிக்காவுக்கு அழைத்தனர். பாரிஸ்தராக அன்று, கம்பனியின் சேவகராகவே போகிறோமென்று அவருக்குத் தெரியும். மாரிட்ஸ்பர்க் புகையிரத நிலையத்தில் நிகழ்ந்ததை எல்லாரும் அறிவர், ஈண்டு விரிக்கவில்லை.

பிரிட்டோரியாவில் நடந்த அவ்வழக்கு 40,000 பவுண் பற்றியது. முழுவதும் கணக்கும் புரோநோட்டுமாக இருந்தது. கம்பனியின் எழுதுவினைஞர் பற்று என்றும் வரவு என்றும் பேசப் பேச அடிகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. புரோநோட்டு என்பதன் பொருளை அகராதியிலும் காணாது, அவ்வெழுதுவினைஞரிடமே கேட்டறிந்தார். வெட்கிப் பின்வாங்காது, கணக்குப்பதிவு நூலொன்றை வாங்கிப் படித்தார். பின்னர்ப் பேரேடுகளைப் புரட்டி, குஜராத்திப் பத்திரங்களை மொழிபெயர்த்து, வழக்கின் செய்திகளையெல்லாம் தெளிந்தார். செய்திகளைச் செவ்வையாக அறியின் சட்டம் தானே துணைக்கு வரும் என்பதை அங்கே கண்டார்.

கண்டது அஃதொன்று மாத்திரமன்று. இரு கட்சியாரும் உறவினர், ஓரூரார். வழக்கு நீளின் சட்டத்தரணிகளின் கூலியே இருவரையும் அழித்துவிடுமெனக் கண்டு, மத்தியஸ்தர் ஒருவரிடம் விடச் செய்தார். தாதா அப்துல்லா வென்றார். எதிர்க்கட்சியார் 37,000 பவுணும் செலவும் இறுக்க வேண்டியதாயிற்று. ஒரேமுறையில் இறுப்பின் முறிவு நேரும். நீண்டகாலத் தவணையாகப் பெற்றுக்கொள்ளும்படி வென்றவரை இசைவிப்பது, வழக்கை மத்தியஸ்தத்துக்கு விடுவித்ததிலும் கடினமாயிருந்தது. இசைவித்தார். இருவர் மதிப்பும் உயர்ந்தது.

1894 இல் நேட்டால் உயர் நீதிமன்றிற் பதிவு பெற விண்ணப்பித்தபோது சட்டச் சங்கத்தார் எதிர்த்தனர். நீதிமன்றம் அவ்வெதிர்ப்பைத் தள்ளிற்று. ஆயினும் தலைப்பாகையைக் களைய வேண்டுமென்றது. முந்திய ஆண்டு தலைப்பாகையைக் களையாது நீதிமன்றை விட்டு வெளியேறியவர், இம்முறை மன்றின் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டுக் களைந்தார்.

அதன்பின் சில மாதங்களில் அவரிடம் வந்தார் பாலசுந்தரம் என்னும் தமிழர். ஒப்பந்தக் கூலியாளர், எசமான் அடித்து முன்பற்கள் இரண்டு உடைந்திருந்தன. கிழிந்த உடை, வாயில் இரத்தம், தலையிற் கட்ட வேண்டிய துணி கையில். வெள்ளையர் முன் தலைத்துணியோடு நிற்கலாகாதென்ற வழக்கம் அவரை அவ்வாறு பழக்கியிருந்தது. அடிகள் அதனைத் தலையிற் கட்டிக்கொள்ளச் சொன்னார். தமிழரான தம் எழுதுவினைஞர் வாயிலாகக் கதையை அறிந்து, மருத்துவரிடம் அனுப்பிச் சான்று பெற்று, நீதவான் முன் சென்றார். ஒப்பந்தக் கூலி எசமானை விட்டோடின் குற்றவாளியாவது அக்காலச் சட்டம். ஆதலின் எசமானைத் தண்டிப்பதிலும் ஒப்பந்தத்தை வேறொருவர்க்கு மாற்றுவதையே அடிகள் நாடினார். வேறோர் எசமானைத் தேடிப் பிடித்து அதனை முடித்தும் கொடுத்தார். இச்செய்தி சென்னை வரை எட்டிற்று. பிரிட்டோரியாவிற் பழகிய தொழில் இவ்வேழையின் வழக்கிலே உதவிற்று என்பது எம் துணிபு.

1896 இல் இந்தியா திரும்புங்காற் கப்பலிலே தமிழ் கற்கும் நூலொன்றைப் பெற்றுப் பயின்றார். 1927 நவம்பரில் மாணவர் காங்கிரசின் அழைப்பையேற்று யாழ்ப்பாணம் வந்து கதர் நிதி திரட்டியபோது அவர் பாரிஸ்தர் அல்லர். அரசத்துரோகக் குற்றத்தீர்ப்பை முன்னிட்டு 1922 இல் இன்னர் டெம்பிள் கழகத்தார் அவர் பெயரை நீக்கியிருந்தனர். அப்பெயரை அவர்கள் மீளச் சேர்த்தது 1988 இல். அடிகள் மறைந்து நாற்பது ஆண்டுகளின் பின்னர்.