யானைக்கு வைத்தியம் பார்த்தவர்

மாட்டுக்குச் சீக்கு வந்தால் அவிநாசி வட்டாரத்துக் குடியானவர் என்ன செய்வார்? கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போவார். ஆனால் காட்டு யானைக்குக் காயம் பட்டால் அதை யார் ஓட்டிக்கொண்டு போவது?

டாக்டர்தான் யானையைத் தேடிப் போகவேண்டும். அப்படித் தேடிப் போனவர்தான் டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி. காட்டு இலாகாவில் எல்லோரும் அவரை டாக்டர் கே என்றே அழைத்தார்கள்.

அவர் பிறந்தது 1929-ஆம் ஆண்டு. கால்நடை மருத்துவம் படித்து அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்தார். நீலகிரியின் முதுமலை, பொள்ளாச்சிக்கு அப்பால் ஆனைமலையில் உள்ள டாப்ஸ்லிப் ஆகிய இடங்களின் யானை முகாம்களே அவருக்கு ஆஸ்பத்திரி ஆயின.

உயிரோடு விளையாட்டு

யானை வைத்தியம் எளிதல்ல. மயக்க மருந்து ஊசியைத் துப்பாக்கியால் செலுத்தவேண்டும். மருந்து குறைந்தால் யானை ஆளின் மேல் பாயும். கூடினால் யானையின் மூச்சு நின்றுவிடும். மார்பு தரையில் அழுந்தும்படி விழுந்தாலும் ஆபத்து. தன் எடையே அதன் மூச்சை அடைத்துவிடும். உடனே பக்கவாட்டில் சாய்க்கவேண்டும். தும்பிக்கை மடங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

யானையின் தோல் தடிப்பானது. காயம் மேலே மூடிக்கொள்ளும். உள்ளே சீழ் கோத்துக்கொள்ளும். அதைத் திறந்து, நாள் தவறாமல் கழுவி, அடியிலிருந்து ஆற வைக்கவேண்டும். பொறுமை இல்லாதவருக்கு இந்த வேலை ஆகாது.

இறந்த யானைகளையும் அவர் சும்மா விடவில்லை. உடலை அறுத்துப் பார்த்து, நோயால் செத்ததா, வேட்டைக்காரன் குண்டால் செத்ததா என்று கண்டறிந்து எழுதி வைத்தார். முகாம் யானைகளின் நூறாண்டுக் கணக்கை ஆராய்ந்து, மற்ற அறிஞர்களுடன் சேர்ந்து 1997-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நன்றாகப் பராமரித்தால் முகாமிலேயே யானைகள் பெருகும். காட்டில் குழி வெட்டிப் பிடிக்கத் தேவையில்லை என்பதை அது காட்டியது.

குண்டு பாய்ந்த மக்னா

1998-இல் ஒரு மக்னா யானை கேரளத்திலும் கூடலூர்ப் பகுதியிலும் பல பேரைக் கொன்றது. தந்தம் இல்லாத ஆண் யானையே மக்னா. ஜனங்கள் நடுங்கினார்கள். கேரளத்தில் அதைச் சுட உத்தரவு பிறந்தது. தமிழ்நாட்டு வனத்துறையோ உயிரோடு பிடிக்க முடிவு செய்தது.

டாக்டருக்கு அப்போது வயது 70-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் வந்தார். யானை பிடிபட்டது. பார்த்தால், உடலெங்கும் குண்டுக் காயங்கள்! ஊரைக் கொன்ற யானை, தானும் வலியில் வெந்துகொண்டிருந்தது. தெப்பக்காடு முகாமில் அதற்கு வைத்தியம் நடந்தது. காயம் ஆறியது. கோபமும் ஆறியது. பாகன் சொல் கேட்டு நடந்தது.

அந்த யானைக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? மூர்த்தி! டாக்டரின் பெயர்தான்.

டாக்டர் 2002-இல் காலமானார். அவர் உயிர் கொடுத்த மூர்த்தியோ, யாருக்கும் தீங்கு செய்யாமல் 2024 வரை தெப்பக்காட்டில் வாழ்ந்தது.

வாயில்லா ஜீவன் தன் நோவைச் சொல்லாது; சீறும், முட்டும். அந்தச் சீற்றத்துக்குள்ளே இருக்கும் வலியைக் கண்டவர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி. முரட்டு மாடு வைத்திருக்கும் வீட்டாரும் தடியை எடுக்கும் முன், அதற்கு எங்கே வலிக்கிறது என்று ஒருமுறை பார்க்கலாம்.