திருமலை நாயக்கர்

திருமலை நாயக்கர் மதுரை நாயக்க மன்னர்களுள் மிகவும் புகழ் பெற்றவர் ஆவார். 1623 முதல் 1659 வரை 36 ஆண்டுகள் ஆட்சி புரிந்தார். திருமலை சவுரி நாயினு அய்யலுகாரு என்பது இவருடைய முழுப்பெயர். மதுரை அரண்மனை, புதுமண்டபம், வண்டியூர்த் தெப்பக்குளம் ஆகியவற்றைக் கட்டியவர் என்றே பெரும்பாலோர் இவரை அறிவர். கல்லிலும் மரத்திலும் மனிதரை அவர்தம் உடை, அணிகலன், உடற்கட்டு ஆகியவற்றோடு உள்ளது உள்ளபடி காட்டும் சிற்பமுறை மதுரைப் பகுதியில் உச்சம் எய்தியதும் இவர் காலத்திலேயே ஆகும்.

ஆட்சிக்கு வருதல்

இவர் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கரின் மகன். அண்ணன் முத்துவீரப்ப நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியிருந்தார். அவருக்குப் பின் அரியணை ஏறிய திருமலை நாயக்கர் அதனை மீண்டும் மதுரைக்கே கொண்டு வந்தார். தீராத சளிநோயால் துன்புற்ற மன்னர் திண்டுக்கல் அருகே தங்கியிருந்தபோது, மதுரையில் குடியேறினால் நோய் தீரும் என மீனாட்சியும் சொக்கநாதரும் கனவில் கூறினர் என்றொரு கதை வழங்குகிறது. மைசூர்ப் படைகளிடமிருந்து சற்று விலகியிருக்க விரும்பியது அதைவிட நம்பத்தகுந்த காரணமாகத் தோன்றுகிறது.

தேரும் சித்திரைத் திருவிழாவும்

மீனாட்சி திருக்கல்யாணமும் தேரோட்டமும் முன்னர் மாசி மாதத்தில் நடைபெற்று வந்தன. அழகர் சித்திரை மாதத்தில் தேனூர் அருகே வைகையில் இறங்கி வந்தார். இவ்விரு விழாக்களையும் சித்திரையில் ஒருங்கே மதுரையில் நடைபெறச் செய்தவர் திருமலை நாயக்கர். இதற்குச் சைவ வைணவ ஒற்றுமையே காரணம் என்று பலரும் எழுதியுள்ளனர். ஊர் மக்கள் கூறும் காரணம் வேறு. மன்னர் செய்வித்த பெருந்தேர்களை இழுக்கப் பெருங்கூட்டம் தேவைப்பட்டது. மாசி அறுவடைக் காலம் என்பதால் சுற்றுவட்டார உழவர்கள் வயலை விட்டு வர இயலவில்லை. ஆகவே விழா அறுவடை முடிந்த சித்திரைக்கு மாற்றப்பட்டது என்பர். தேரின் எடையே ஒரு நகரத்தின் நாட்காட்டியை மாற்றியது என்னும் இக்கூற்று புறக்கணிக்கத் தக்கதன்று. இன்றும் சித்திரைத் தேர்கள் மாசி வீதிகளில்தான் ஓடுகின்றன. மாதம் மாறியும் வீதியின் பெயர் மாறவில்லை.

தேர் என்பது நகரும் கோயில் மட்டுமன்று. மரச்சிற்பக் கூடமும் ஆகும். இலுப்பை, வேங்கை, தேக்கு போன்ற மரங்களால் தேரின் அடிப்பகுதி அமைக்கப்படும். ஒன்றன்மேல் ஒன்றாக விரிந்து செல்லும் தட்டுகளில் சிற்பப் பலகைகள் பொருத்தப்படும். நாயக்கர் காலத்து மரபில் அமைந்த தேர்களில் கடவுளர் உருவங்களுக்கு அருகிலேயே குறவன் குறத்தி, வேட்டைக்காரர், குதிரை வீரர், ஆடல் மகளிர், துப்பாக்கி ஏந்திய ஐரோப்பியர் ஆகியோரையும் காணலாம். தச்சர்கள் அன்றாடம் தெருவில் கண்டவை எல்லாம் தேரில் ஏறின. தேர்ச் சிற்பங்களுக்குப் பொதுவாக எண்ணெய் மட்டுமே பூசுவர். வண்ணம் பெற்றவை வாகனங்களாகும். குதிரை, யானை, காளை, அன்னம், யாளி ஆகியவற்றை மரத்தில் செதுக்கி, பூச்சிட்டு வண்ணம் தீட்டுவர். அல்லது பொன், வெள்ளித் தகடு போர்த்துவர். குதிரை வாகனத்தின் சேணம், கடிவாளம், கழுத்துமணி வரை மரத்திலேயே செதுக்கி நிறம் கொடுப்பதும் உண்டு.

மரத்தின் குறை அதன் ஆயுளே. வெயில், மழை, கரையான், தீ ஆகியவற்றால் பலகைகள் அழியுந்தோறும் புதியன பொருத்தப்படுகின்றன. அதனால் அக்காலச் சிற்பிகளின் கைத்திறனை அறிய விரும்புவோர் கல்லையே நாட வேண்டியுள்ளது.

உருவச் சிலைகள்

மீனாட்சி கோயிலின் கிழக்குக் கோபுரத்திற்கு எதிரே உள்ள புதுமண்டபம் வசந்த விழாவிற்காகக் கட்டப்பட்டது. 1628ஆம் ஆண்டளவில் தொடங்கி 1635ஆம் ஆண்டளவில் நிறைவுற்றது. இதில் 124 தூண்கள் உள்ளன. விசுவநாத நாயக்கர் முதல் திருமலை நாயக்கர் வரை பத்து மன்னர்களின் உருவங்கள், தேவியர் உடன் நிற்க, நடுப்பகுதித் தூண்களில் ஆளுயரத்திற்குச் செதுக்கப்பட்டுள்ளன. பழைய அரச உருவங்களில் மன்னன் எவனாயினும் ஒரே இலட்சண உடலே காணப்படும். இங்கோ திருமலை நாயக்கர் பருத்த வயிற்றோடு, கைகூப்பி நிற்கிறார். இடையில் செருகிய குத்துவாள், ஆடையின் மடிப்பு, கழுத்தணியின் ஒவ்வொரு மணி என யாவும் தனித்தனியே காட்டப்பட்டுள்ளன. வயிற்றை மறைக்க வேண்டும் என்று மன்னரும் கருதவில்லை, சிற்பியும் கருதவில்லை. இவ்வகைச் சிலைகளுக்கு வண்ணம் தீட்டும் வழக்கமும் இருந்தது. அழகர்கோயில், திருப்பரங்குன்றம், திருவில்லிபுத்தூர் ஆகிய இடங்களிலும் இவருடைய உருவச் சிலைகள் உள்ளன. திருவரங்கம் கோயில் அருங்காட்சியகத்தில் நாயக்கர் காலத் தந்தச் சிற்பங்களைக் காணலாம்.

துணியையும் அணியையும் அவையே என மயங்கும்படி செதுக்கும் ஆர்வம் இந்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. இதே நூற்றாண்டின் இறுதியில் இலண்டனில் கிரின்லிங் கிப்பன்ஸ் என்னும் சிற்பி லிண்டன் மரத்தில் பின்னல் வேலைப்பாடுடைய கழுத்துக்குட்டை ஒன்றைச் செதுக்கினார். பிற்காலத்தில் ஒராசு வால்போல் அதனை அணிந்துகொண்டு விருந்தினரை வரவேற்றார். அங்கே அது வேடிக்கைப் பொருளாயிற்று. மதுரையிலோ இத்தகைய ஒப்புமை அச்சத்திற்குரியதாகக் கதையில் இடம்பெற்றது.

அக்கதை வருமாறு: சுமந்திரமூர்த்தி ஆசாரி என்னும் சிற்பி பட்டத்தரசியின் சிலையைச் செதுக்கும்போது தொடைப்பகுதியில் ஒரு சில்லு பெயர்ந்தது. மீண்டும் முயன்றபோதும் அவ்விடத்திலேயே பெயர்ந்தது. அரசிக்கு அவ்விடத்தில் மச்சம் இருக்கக்கூடும், எனவே அப்படியே விட்டுவிடுக என்று அமைச்சர் நீலகண்ட தீட்சிதர் கூறினார். இதைக் கேள்வியுற்ற மன்னர், அரசியின் உடலில் உள்ள அடையாளம் இவருக்கு எவ்வாறு தெரிந்தது என ஐயுற்று அவரை அழைத்துவர ஆளனுப்பினார். தண்டனையை முன்னரே உணர்ந்த தீட்சிதர் கற்பூரச் சுடரால் தம் கண்களைத் தாமே அவித்துக்கொண்டார். மன்னர் வருந்திய பின், மீனாட்சியைப் பாடி அவர் பார்வை பெற்றார். ஆனந்த சாகர ஸ்தவம் அவ்வாறு தோன்றியது என்பர்.

இது செவிவழிக் கதையே. தீட்சிதர் அக்காலத்தில் வாழ்ந்த வடமொழிப் புலவர் என்பதும், தம் நீலகண்ட விஜயத்தை 1637இல் இயற்றினார் என்பதும் வரலாறு. ஆயினும் சிலை உண்மையை மிகுதியாகக் காட்டிவிட்டால் யாருக்குத் தீங்கு நேரும் என்னும் கேள்வி இக்கதையில் உள்ளது. பழுதைச் செய்த சிற்பி தப்பினார். அதற்குப் பொருள் கூறியவரே கண்ணை இழந்தார்.

புதுமண்டபத்தில் நெடுங்காலமாகத் தையற்காரர்களும், பாத்திரம், வளையல், புத்தகம் விற்போரும் கடை வைத்திருந்தனர். 2020களின் தொடக்கத்தில் இக்கடைகள் குன்னத்தூர் சத்திரத்திற்கு மாற்றப்பட்டன.

அரண்மனையும் தெப்பக்குளமும்

அரண்மனை 1636இல் கட்டப்பட்டது. சொர்க்கவிலாசம், அரங்கவிலாசம் என இரு பெரும் பகுதிகளைக் கொண்டிருந்தது. பின்னதில் மன்னரின் தம்பி முத்தியாலு நாயக்கர் வாழ்ந்தார். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பப்பட்ட பெருந்தூண்களும் வளைவுகளும் இதன் சிறப்பாகும். தெப்பக்குளம் 1645இல் வெட்டப்பட்டது. அரண்மனைக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளமே குளமாயிற்று என்றும், தோண்டும்போது கிடைத்த பிள்ளையாரே மீனாட்சி கோயிலில் உள்ள முக்குறுணி விநாயகர் என்றும் கூறுவர். மன்னரின் பிறந்த நாளாகக் கருதப்படும் தைப்பூசத்தில் இக்குளத்தில் தெப்பத் திருவிழா நடைபெறுகிறது.

போர்கள்

விசயநகரப் பேரரசின் மேலாண்மையிலிருந்து விடுபட இவர் முயன்றது நாட்டிற்கு நன்மை பயக்கவில்லை. பேரரசுக்கு எதிராகக் கோல்கொண்டா, பீசப்பூர் சுல்தான்களை நாடியதன் பயனாக அவர்களுக்கே பெரும்பொருள் கொடுக்க நேர்ந்தது. 1650களின் பிற்பகுதியில் மைசூர் மன்னர் கண்டீரவ நரசராசரின் படைகள் மதுரை நாட்டினுள் புகுந்து, அகப்பட்டோரின் மூக்கையும் மேலுதட்டையும் அறுத்தன. நோயுற்றிருந்த மன்னருக்கு இரகுநாத சேதுபதி இராமநாதபுரத்திலிருந்து படை திரட்டி வந்து உதவினார். மதுரைப் படைகளும் மைசூர் நாட்டிற்குள் சென்று அதே கொடுமையைச் செய்தன. இது மூக்கறுப்புப் போர் எனப்படுகிறது. இவருடைய ஆட்சியைப் புகழ்வோர் பெரும்பாலும் இதனை இரண்டு வரிகளில் கடந்துவிடுவர்.

மறைவும் பின்னரும்

திருமலை நாயக்கர் 1659இல் மறைந்தார். மகன் முத்துவீரப்ப நாயக்கர் சில மாதங்களே ஆண்டார். அடுத்து வந்த பெயரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரை மீண்டும் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றினார். அப்போது மதுரை அரண்மனையின் பல பகுதிகளை இடித்து, மரவேலைப்பாடுகளையும் பிற அழகுப் பொருட்களையும் அங்கு எடுத்துச் சென்றார். சுண்ணாம்புத் தூண்களைப் பெயர்த்துச் செல்ல இயலாது. செதுக்கிய மரத்தை வண்டியில் ஏற்றலாம். எனவே பாட்டனார் கட்டியவற்றுள் மரத்தால் ஆனவையே முதலில் மறைந்தன. மக்கள் இன்று காண்பது பழைய அரண்மனையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே.

எஞ்சியதும் பாழடைந்து கிடந்த நிலையில், 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு அதனைப் பழுதுபார்க்கச் செய்தார். பின்னர் நீண்ட காலம் அங்கு நீதிமன்றம் இயங்கியது. 1971இல் அரண்மனை பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.