ஆவணம் காத்த அறிஞர் அயோத்திதாசப் பண்டிதர்

சென்னை மாநகரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கோட்டையில் தொடங்கி, மயிலாப்பூர்க் கோயிலையும் சாந்தோம் தேவாலயத்தையும் வணங்கி, அடையாற்று ஆலமரத்தின் நிழலில் இளைப்பாறி முடிப்பர். அக்கோட்டையின் சுவர்களுக்குக் கல் சுமந்தோரும், துரைமார் இல்லங்களில் பணி செய்தோரும் வாழ்ந்த சேரிகள் அந்நூல்களில் சில வரிகளே பெறும். அம்மக்களிடையே சிந்தனையாளர் தோன்றவில்லை என்பது இதன் பொருளன்று. தோன்றியவரைப் பற்றிய ஏடுகளைத் தேடிப் படித்தோர் குறைவு என்பதே பொருள். அவ்வாறு மறக்கப்பட்டு, ஏடுகளின் வாயிலாகவே மீண்டும் நம்மிடம் வந்து சேர்ந்தவர் அயோத்திதாசப் பண்டிதர் ஆவார். நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அவருடையது.

பிறப்பும் கல்வியும்

பண்டிதர் 1845ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குத் தமிழும் சித்த மருத்துவமும் கற்பித்த ஆசிரியர் அயோத்திதாசரின் பெயரையே நன்றியின் அடையாளமாகத் தம் பெயராக ஏற்றார். தமிழோடு வடமொழி, பாலி, ஆங்கிலம் ஆகியவற்றிலும் பயிற்சி பெற்றார். மருத்துவமே அவருடைய தொழிலாயிற்று.

அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் பட்லராகப் பணியாற்றியவர். குடும்பத்தில் இருந்த திருக்குறள், நாலடி நானூறு ஆகியவற்றின் ஓலைச் சுவடிகளை அவர் தம் துரையின் வாயிலாக எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தார் எனப் பண்டிதர் பிற்காலத்தில் எழுதியுள்ளார். எல்லிஸ் சென்னையின் ஆட்சியராக இருந்தவர், தமிழ் நூல்களைத் திரட்டியவர், 1819இல் மறைந்தவர். திருக்குறள் முதன்முதல் அச்சேறியது 1812ஆம் ஆண்டில் ஆகும். எழுத்தறிவு மறுக்கப்பட்டதாகக் கூறப்படும் ஒரு சமூகத்தின் வீட்டுப் பரணில் திருக்குறள் ஏடு இருந்தது என்னும் இச்செய்தியை நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் நெஞ்சில் பதித்தல் வேண்டும். கந்தப்பனார் ஏட்டைக் காத்தார். பேரனார் அச்செய்தியைக் காத்தார்.

மன்றங்களில் எழுந்த குரல்

இளமையில் நீலகிரியில் வாழ்ந்த பண்டிதர், அங்குச் சமய ஆராய்ச்சிக்கென அத்வைதானந்த சபையை நிறுவினார். 1885இல் ஜான் இரத்தினம் அவர்களோடு இணைந்து திராவிடப் பாண்டியன் என்னும் இதழை நடத்தினார். 1891இல் திராவிட மகாஜன சபையை அமைத்து, அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் உதகையில் மாநாடு கூட்டினார். இலவசப் பள்ளிகள், மாணவர்க்கு உதவித்தொகை, கற்றவர்க்கு அரசுப் பணி, பொதுக் கிணறுகளையும் குளங்களையும் பயன்படுத்தும் உரிமை, நகராட்சி மன்றங்களில் இடம், நீதிமன்றங்களில் சமமாக அமரும் உரிமை முதலியன அம்மாநாட்டின் தீர்மானங்களில் அடங்கும். இந்தக் கோரிக்கைகளுள் எத்தனை முழுமையாக நிறைவேறியுள்ளன என இளைஞர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1892இல் சென்னை மகாஜன சபை கூட்டிய மாநாட்டிற்கு நீலகிரியின் பிரதிநிதியாகச் சென்றார். கோயில்களில் நுழைய நம் மக்களுக்கு ஏன் உரிமை இல்லை என்று வினவினார். உங்களுக்கென வேறு தெய்வங்கள் உள்ளனவே என்னும் கருத்தில் அவைக்குள் மறுமொழி எழுந்தது. அவ்வாறாயின் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டா. பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும், பயிரிடத் தரிசு நிலமும் கிடைக்கச் செய்யுங்கள் என்று அவர் உடனே கோரிக்கையை மாற்றினார். அவமதிப்பு நேர்ந்த இடத்தில் சினந்து வெளியேறாமல், பள்ளியையும் நிலத்தையும் கேட்டு நின்ற அத்தெளிவு பெரிதும் போற்றத்தக்கது.

அதே காலத்தில் செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர், அம்மாவட்டத்து ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை குறித்து 1891இல் அறிக்கை ஒன்றை எழுதினார். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30ஆம் நாள் அரசாணை பிறந்தது. பஞ்சமர் நிலம் என இன்றும் வழங்கும் நிலங்களின் வரலாற்றுக்கு அதுவே வேர். எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் இத்தகைய அரசுத் தாள்களைக் காணலாம். ஆட்சியர் கண்ட வறுமை அத்தாள்களில் உண்டு. வறுமையுற்றவர் தாமே கூடிக் கேட்ட உரிமை எது என்பதை அறிய, பண்டிதரின் எழுத்துகளையும் அருகில் வைத்துப் படித்தல் வேண்டும்.

அடையாறும் இராயப்பேட்டையும்

கர்னல் ஆல்காட் 1894இல் அடையாற்றை அடுத்த ஊரூரில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளியைத் தொடங்கினார். தொடர்ந்து கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர்ப் பகுதிகளிலும் அத்தகைய பள்ளிகள் எழுந்தன. அப்பள்ளிகளில் ஆசிரியராக இருந்த கிருஷ்ணசாமியாரோடு பண்டிதர் ஆல்காட்டை அணுகினார். நம் முன்னோர் பௌத்தராய் இருந்து, பின்னர் அந்நெறி வீழ்ந்தபோது தாழ்த்தப்பட்டனர் என்பது பண்டிதரின் கொள்கை. 1898இல் அவர்கள் இலங்கை சென்றனர். கொழும்பில் சுமங்கல மகாநாயகரிடம் பண்டிதர் பௌத்த தீட்சை பெற்றார். திரும்பி வந்ததும் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். மயிலாப்பூருக்கு வடக்கே, மவுண்ட் ரோட்டுக்கு அண்மையில் இருந்த அச்சிறு சங்கத்திற்குக் கோலார் தங்கவயல், பெங்களூர், இரங்கூன், தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களில் எல்லாம் கிளைகள் தோன்றின. அம்பேத்கர் நாகபுரியில் பௌத்தம் தழுவியது 1956இல். இது அதற்கு 58 ஆண்டுகள் முன்னர் நிகழ்ந்தது.

ஒரு பைசாத் தமிழன்

1907 ஜூன் 19, புதன்கிழமை. அன்று இராயப்பேட்டையிலிருந்து ஒரு பைசாத் தமிழன் என்னும் வார இதழ் வெளிவந்தது. பக்கம் நான்கு; விலை ஒரு பைசா. ஒரு ரூபாய்க்கு 64 பைசா இருந்த காலம் அது. கூலி வேலை செய்வோரும் வாங்கும் வண்ணம் விலை வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு இதழின் பெயர் தமிழன் என்று சுருங்கியது.

அரசியல், சமயம், மருத்துவம், இலக்கணம், ஊர்ச் செய்தி, வாசகர் வினாக்களுக்கு விடை எனப் பலவும் அவ்விதழில் இடம்பெற்றன. இந்திரர் தேச சரித்திரம் அதில் தொடராக வந்தது. திருக்குறளுக்கு அவர் எழுதிவந்த உரை, முற்றுப்பெறும் முன்னரே அவர் மறைந்தமையால் நின்றது. சுதேசி இயக்கம் ஓங்கியிருந்த அந்நாளில், தன் நாட்டானைத் தீண்டலாகாது என்போர் கேட்கும் சுயராச்சியத்தில் நமக்கு என்ன பங்கு என்னும் வினாவை அவர் இடைவிடாது எழுப்பினார்.

1911ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு நெருங்கியபோது, பிறர் இட்ட இழிபெயரை ஏற்காமல், நீங்கள் யார் என்பதை நீங்களே கூறிப் பதிவு செய்யுங்கள் என்று மக்களை வற்புறுத்தினார். பதிவேட்டில் ஏறும் ஒரு சொல்லின் ஆற்றலைப் பள்ளியில் பணிபுரிவோர் நன்கு அறிவர். முதல் வகுப்பில் எழுதப்படும் பெயரும் நாளும் சாதியும் ஒருவனுடைய இறுதிக்காலம் வரை தொடர்கின்றன. அப்பதிவேட்டை நிரப்பும் எழுதுகோலில் நமக்கும் உரிமை உண்டு என்றவர் பண்டிதர். எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாக, 1922இல் ஆதி திராவிடர் என்னும் பெயரை அரசு ஏற்றது. அதற்கான மனநிலையைப் பண்படுத்தியவருள் பண்டிதர் முதன்மையானவர்.

மறைவும் மீட்சியும்

1914 மே 5ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். அவர்தம் புதல்வர் பட்டாபிராமன் இதழைச் சில காலம் நடத்தினார். 1926 முதல் கோலாரில் அப்பாதுரையார் அதனை மீண்டும் நடத்தினார். பின்னர் இதழும் நின்றது; பெயரும் மறைந்தது. தமிழக அரசியலின் வரலாற்றைப் பலர் 1916இலிருந்து எழுதினர். திராவிடர் என்னும் சொல்லை அதற்கு 25 ஆண்டுகள் முன்னரே ஒரு சபையின் பெயராக்கியவர் அவ்வரலாறுகளில் காணப்படவில்லை.

எனினும் இதழ்கள் முற்றும் அழியவில்லை. பௌத்தக் குடும்பங்கள் சில அவற்றைப் பெட்டிகளில் வைத்திருந்தன. சென்னையில் அன்பு பொன்னோவியம் அவற்றைத் தேடித் திரட்டிப் பாதுகாத்தார். அத்தகையோர் காத்த ஏடுகளைக் கொண்டு ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள், 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து இரு தொகுதிகளாக வெளிவந்தது. 85 ஆண்டுகள் மூடியிருந்த கதவு அப்போது திறந்தது. 2005இல் அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியாயிற்று. 2023 டிசம்பர் முதல் நாள் கிண்டியில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது.

மண்டபத்தை அரசு கட்டிற்று. அதற்கு அடிப்படையான ஏடுகளைக் காத்தவர்கள் பதவியோ பொருளோ மிகுதியாக இல்லாத எளிய மக்கள். அவர்கள் ஒருநாள் வீட்டைத் தூய்மை செய்கையில் அப்பழைய தாள்களை எடைக்குப் போட்டிருந்தால், பண்டிதரின் சிந்தனைகள் நமக்கு எட்டாமலே போயிருக்கும். அக்காலத்து இதழ்களுள் பல பெயரளவில் மட்டுமே அறியப்படுவது இதற்குச் சான்று.

இளைஞர்களே! நம் சங்கத்தின் 25 ஆண்டு நடவடிக்கைக் குறிப்பேடுகளும், உதவித்தொகை பெற்றோர் பட்டியலும், முதல் கூட்டத்து அழைப்பிதழும் இன்று எங்குள்ளன என்று தேடுங்கள். கறையான் தின்னும் முன் அவற்றுக்கு அட்டையிட்டு, ஆண்டு எழுதி அடுக்குங்கள். நம் பெரியோர்களிடம் அமர்ந்து, தெருவில் குழாய் வந்த கதையையும், பள்ளியில் முதல் பிள்ளை சேர்ந்த கதையையும் கேட்டு எழுதுங்கள். வீட்டிலுள்ள பழைய கடிதங்களையும் பட்டாக்களையும் பத்திரப்படுத்துங்கள். பண்டிதரின் பாட்டனார் ஓலைச் சுவடிக்குச் செய்த தொண்டு அதுவே. இந்த வெள்ளி விழாவிலிருந்து அத்தொண்டு நம்முடையது ஆகட்டும்.