துப்பாக்கிப் பெயரில் ஒரு சைக்கிள்!

பள்ளத்தூர் ஏ.எம்.எம். முருகப்ப செட்டியார் 1902-ல் பிறந்தார். குடும்பத்துக்குப் பர்மாவில் லேவாதேவி.

1949-ல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்தார். மண்ணூர்பேட்டையை அடுத்த அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை எழுந்தது.

வண்டிக்கு என்ன பெயர்? கப்பலில் வந்த "ஹெர்குலஸ்" சைக்கிளை ஜனங்கள் முன்பே அறிவார்கள். கிரேக்கக் கதையில் வரும் பலசாலியின் பெயர் அது. அதையே வைத்தார்கள்.

1960-ல் கூட்டாளிக் கம்பெனி, புகழ் பெற்ற ராலே சைக்கிள் கம்பெனியையே வாங்கிவிட்டது. அங்கே ராலே முன்னுக்கு வந்தது. இங்கே அந்தப் பெயரை வைக்க முடியுமா? முடியாது! அசன்சாலில் சென்-ராலே கம்பெனி ஏற்கெனவே அந்தப் பெயரில் சைக்கிள் செய்து வந்தது. கூப்பிட்ட பெயருக்கு இரண்டு பேர் திரும்பினால் வியாபாரம் என்னாவது?

ஆகவே அம்பத்தூர் வண்டி ஹெர்குலஸாகவே ஓடிற்று. 1964-ல் பி.எஸ்.ஏ. சைக்கிளும் வந்தது. அது பர்மிங்காமில் துப்பாக்கி செய்த கம்பெனியின் பெயர்! வாங்கியவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ?

1965-ல் செட்டியார் காலமானார். இங்கிலாந்தில் ஹெர்குலஸ் மங்கிய பிறகும், தமிழ்நாட்டுத் தெருக்களில் அதன் மணி ஒலித்தது.